நாற்பத்தெட்டு டன் தாங்கும் என்றேன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எம்.டெக். படித்த காலத்தில் என்னைவிடப் பெரிய முட்டாள் பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருந்திருக்க முடியாது. (மேம்பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுப்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

என் ஆராய்ச்சி டீப் பீம் பற்றியது. நீளம் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் இருக்கும் கான்கிரீட் உத்தரம் அது. சாதாரண உத்தரம் உடைவதற்கு முன் வளைந்து தொங்கி, ஓடிப்போக நேரம் கொடுக்கும். இதற்கு அந்த நாகரிகம் கிடையாது. வெட்டுவிசை அளவு மீறினால் சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே பிளந்துவிடும். எத்தனை டன்னில் பிளக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலை. யார் யாரோ செய்த பழைய சோதனை முடிவுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புகட்டினேன். லேபில் நான் உடைத்துப் பார்க்கவிருந்த உத்தரத்துக்கு அது நாற்பத்தெட்டு டன் என்றது. அந்த எண்ணைக் குழந்தை இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்காததுதான் பாக்கி.

உத்தரத்துக்குக் கம்பி கட்டிக் கொடுத்தவர் என் அக்காவின் கணவர் ஆரோக்கியம் மாமா. பொம்மசந்திராவில் கம்பி வளைக்கும் வேலை அவருக்கு. எனக்காக லீவு போட்டு வந்திருந்தார்.

"மச்சான், கம்பி முனைய மேல மடக்கிடட்டுமா? எங்க சைட்ல மடக்காம விடமாட்டாங்க."

"வேணாம் மாமா. என் கணக்குல கொக்கியே கெடையாது. நேரா விடுங்க."

"சரிப்பா, நீ படிச்சவன்."

(கொக்கி இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது கம்பி கான்கிரீட்டிலிருந்து வழுக்கிவிடும். என் கம்ப்யூட்டர் பார்த்த உத்தரங்கள் எல்லாமே முனை மடக்கியவை; அதனால்தான் கணக்கில் கொக்கி என்று தனியாக ஒன்று இல்லை. இந்த ஞானோதயம் எனக்கு வந்தது ஆஸ்பத்திரி வராந்தாவில்.)

சோதனை நாளன்றும் மாமா வந்தார். தான் கட்டிய கம்பி எப்படி நிற்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. கணித்த எடையில் பாதி ஏறும்வரை பக்கத்தில் போய், விரிசல்மேல் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடலாம் என்பது எங்கள் லேப் வழக்கம். பாதி என்றால் இருபத்துநான்கு டன். என் கணிப்பு தப்பென்றால் இந்த எல்லையும் தப்புதானே என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. கோடு போட வேண்டியவன் நான்தான். திரையில் ஏறிக்கொண்டிருந்த கிராஃபை விட்டு எழுந்திருக்க மனமில்லை.

"மாமா, கொஞ்சம் மார்க் பண்றீங்களா?"

"தாங்குமா மச்சான்?"

"நாப்பத்தெட்டு டன் மாமா! இப்பதான் இருவது. கண்ண மூடிக்கிட்டுப் போங்க."

இருபத்திரண்டில் வெடித்தது. உத்தரத்தின் மூலை பெயர்ந்து மாமாவின் இடக்கைமேல் விழுந்தது. லேப் ஊழியர் ஓடிப்போய்ப் பாரம் ஏற்றும் பம்பை நிறுத்தினார். நான் திரையைப் பார்த்து, "இருபத்திரண்டா? இருக்கவே முடியாது!" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

ரத்தம் சொட்டும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமா கேட்டார்: "நான் தொட்டதாலதான் போச்சா மச்சான்? உன் படிப்பு கெட்டுப்போச்சா?"

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஆஸ்பத்திரியில் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவரு அங்க கைய வெச்சப்ப நீ எங்கடா இருந்த?"

"கம்ப்யூட்டர் கிட்ட."

இரண்டு அறை விட்டிருக்கலாம். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மாமாவுக்கு இரண்டு விரல்கள் போயின, கம்பி வேலையும் போயிற்று. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டியாக இருக்கிறார். எனக்கு டிகிரி கிடைத்தது. கணிப்பு ஏன் தவறியது என்று ஓர் அத்தியாயமே எழுதினேன், பாராட்டினார்கள். (இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல?)

விவேக் நகரில் அக்கா வீட்டு லாஃப்ட்டில் பெரிய அண்டாவை ஏற்றும்போதெல்லாம் மாமா என்னைக் கூப்பிடுவார். "இன்ஜினியர் சார், வந்து கீழ உக்காரு. நீ உக்காந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் போய் அண்டாவுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்காருவேன். அக்கா மட்டும் சிரிக்க மாட்டாள். அண்டாவின் இடப்பக்கத்தை அவள்தான் பிடிக்க வேண்டும். மாமாவின் அந்தக் கையில் பிடி நிற்காது.