கூடுதல் நூல் உருவப்படும்

டயர்க்கடை மாடியில் ஒரு மகான் அவதரித்திருந்தார். பெயர் நூலய்யா. குரோமோசோம் என்று டாக்டர்கள் சொல்வதெல்லாம் வெறும் நூல், ஆளுக்கு நாற்பத்தாறு, ஒன்று கூடினால் உருவிவிட வேண்டியதுதான் என்பது அவருடைய விஞ்ஞானம். கர்ப்பிணியின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விடுவார். கண்ணை மூடுவார். கிண்ணத்திலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவுவார். பிள்ளையின் குறை தீர்ந்தது. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்புக்கடையில் பில் போடும் பெண்ணை அவள் மாமியார் இழுத்து வந்திருந்தார். அவள் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், பிள்ளைக்கு குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, வாய்ப்புதான், நாளை இன்னொரு சோதனை செய்தால் உறுதியாகத் தெரியும் என்றிருந்தார். மாமியார் காதில் ஏறியது 'கூடுதல்' மட்டும். அதை உருவிவிட்டால் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைக்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உண்மை தெரியாமல் பிரசவம் வரை எப்படி இருப்பது என்பது மருமகளின் கவலை.

நூலய்யா உருவினார். "கூடுனது வந்துடுச்சு. இனி சரியா நாப்பத்தாறு."

மாமியாருக்குக் கண் கலங்கியது. மருமகளோ கீழே இறங்காமல் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றாள். நூலய்யா முகம் பார்ப்பவரல்லர், விரலையும் காணிக்கைத் தட்டையும் பார்ப்பவர். மறுபடி குத்தினார், மறுபடி உருவினார். "கூடுனது வந்துடுச்சு."

"அய்யா, ஏற்கனவே ஒண்ணு உருவிட்டீங்க. இப்ப என் புள்ளைக்கு ஒண்ணு குறையுது. திரும்ப வைங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று தினமும் வந்துபோன ஒருத்தி, தன் பிள்ளைக்கு எத்தனை போயிற்று என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். பாவம், விரல் போதவில்லை.

நூலய்யா அசரவில்லை. "செருகவும் தெரியும்மா" என்று கையை வேகமாக நீட்டினார். சட்டைக் கைக்குள்ளிருந்து நூற்கண்டு நழுவி விழுந்து, படிக்கட்டில் உருண்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரின் குறையையும் இலவசமாகத் தீர்த்துக்கொண்டே டயர்க்கடை வரை போனது.

மாமியார் மருமகளின் குத்துப்பட்ட விரலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரியில எத்தனை மணிக்கும்மா?" என்றார்.

"காலையில, அத்தை. பயப்படுறதா இருந்தா தெரிஞ்சுக்கிட்டுப் பயப்படுவோம்."

அவர்கள் இறங்கும்போது, நூலைச் செருகிக்கொள்ள நாலு பேர் புது வரிசை போட்டிருந்தார்கள். மகாஜனங்களே, வயிற்றில் இருப்பதற்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது உங்கள் பிள்ளை. தலைக்குள் இருப்பதை மட்டும் கண்டவனிடம் உருவக் கொடுத்துவிடாதீர்கள்.