கால் மாத்திரைச் சந்தேகம்

தொலைதூர ஓட்டத்தில் ஊக்கமருந்தை ஒழிக்க அரசாங்கம் ஓர் அலுவலகம் திறந்ததை நான் குறை சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் வருஷாவருஷம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிக் கடைசியாக வருகிறவர். இலவச பனியனுக்காக ஓடுகிறவர். ஆனாலும் சோதனைக் குலுக்கலில் அவர் பெயர் விழுந்துவிட்டது.

அதிகாரி படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"ஒவ்வொரு மணி நேரமும் எங்க இருப்பார்னு முன்கூட்டியே எழுதணும்மா. எழுதின இடத்துல ஆள் இல்லன்னா நடவடிக்கை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'இதோ வந்துடறேன்' என்று போனால் இருட்டும்வரை திரும்பாத மனிதர். லாரி அடித்திருக்குமோ, மயங்கி விழுந்திருப்பாரோ என்று இருபத்திரண்டு வருஷமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே என் முட்டி தேய்ந்துவிட்டது. இப்போது அரசாங்கமே அவரைத் தேடித் தருகிறது!

பக்கத்து வீட்டுத் தையல்காரி மூச்சிரைக்க வந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரர் பேரையும் சேர்க்கச் சொல்லுங்க."

"அவர் ஓடுவாரா?"

"வேலை சொன்னா ஓடுவார்."

மூன்று மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு கடிதம் வந்தது: 'மூன்று சோதனைகளிலும் தூய்மை ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டமையால், தங்கள் கணவர் கண்காணிப்பிலிருந்து மகிழ்வுடன் விடுவிக்கப்படுகிறார்.'

பதறிப்போய் அலுவலகத்துக்கு ஓடினேன். "ஐயா, அப்ப யாரைத்தான் கண்காணிப்பீங்க?"

"சந்தேகம் இருக்கிறவங்களை."

"எத்தனை மாத்திரைக்குச் சந்தேகம் வரும்?"

அவர் விதிப் புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டினார். "ஒண்ணுன்னா தடை. கால் மாத்திரைன்னா சந்தேகம்."

மருந்தின் பெயர் அங்கேயே சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது, 'இதை வாங்காதீர்' என்று. வாங்கினேன். தினமும் காபியில் கால் மாத்திரை. தையல்காரிக்கும் சொன்னேன், அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

அந்த வருஷப் போட்டியில் முதல் ஒன்பது இடமும் எங்கள் தெருவுக்குத்தான். தையல்காரியின் கணவர் தொப்பையோடு மூன்றாவதாக வந்தார். 'அலுவலகத்தின் இடையறாத கண்காணிப்பே இவ்வெற்றிக்குக் காரணம்' என்று அதிகாரிக்குப் பதவி உயர்வு. ஒன்பது பேரையும் வெளிநாட்டுப் போட்டிக்குத் தயார்செய்யப் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"எங்கய்யா கூட்டிட்டுப் போறீங்க?"

"முகாம் எங்கன்னு சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கையாட்டினார். "இதோ வந்துடறேன்!"

பஸ் போனதும் அதிகாரி என்னிடம் ஒரு படிவம் நீட்டினார்.

"வீரர்களுக்குக் காபி போட்டவங்களும் இனிமே கண்காணிப்புலதான். ஒவ்வொரு மணி நேரமும் நீங்க எங்க இருப்பீங்கன்னு எழுதுங்க."

எல்லாக் கட்டத்திலும் 'வாசலில்' என்று எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.