முதுகுக்குப் பிடிக்காத ஊர்

பெங்களூர் வங்கிக் கவுண்டரில் வரிசை நீண்டுகொண்டிருக்க, நாராயணசாமி மர ஸ்கேலைச் சட்டைக் காலருக்குள் விட்டு முதுகைச் சொரிந்துகொண்டிருந்தார். சொரியச் சொரிய இன்னும் அரித்தது.

"சார், முதுகு வேலை முடிஞ்சா என் பாஸ்புக்கைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

அன்று மாலையே மனைவி அலர்மேல்மங்கை அவரைப் பிரேசர் டவுனுக்கு, டாக்டர் மௌரீனிடம் இழுத்துப் போனாள்.

"பார்த்தீனியம் அலர்ஜி. காங்கிரஸ் செடின்னு சொல்வாங்களே, வெள்ளை வெள்ளையா பூக்கும். வீட்டுப் பக்கத்துல இருக்கா?"

"எதிர் காலி சைட் பூரா அதுதான் டாக்டர்," என்றாள் அலர்மேல்மங்கை.

"அப்போ அதேதான். தோலுக்குள்ள காவல்கார செல்லுங்க இருக்கு. ஒரு தடவை அந்தச் செடியை எதிரின்னு முடிவு பண்ணிட்டா ஆயுசுக்கும் மறக்காது. துளி பட்டாலும் ஆளைக் கூட்டி ரகளை பண்ணும். நரம்பு மூளைக்குச் சொல்லும், நீங்க சொரிவீங்க. சொரிஞ்சா தோல் கிழியும், அது இன்னும் உள்ள போகும், இன்னும் அரிக்கும்."

"மறக்காம மல்லுக்கு நிக்கறவா எங்காத்துலயும் ஒருத்தர் உண்டு டாக்டர்," என்று சிரித்தார் நாராயணசாமி. அலர்மேல்மங்கை சிரிக்கவில்லை.

"தினமும் துவைச்ச காட்டன் பனியன் போடுங்க. அப்படியும் அடங்கலைன்னா ஊரை மாத்திப் பாக்கணும்."

ஊரை மாற்றுவதா! பதவி உயர்வோடு வந்த மெட்ராஸ் மாற்றலையே உதறியவர் அவர். மாம்பலத்தில் பிறந்த வீட்டை வைத்துக்கொண்டு அலர்மேல்மங்கை அங்கேயே போய்விடலாமென்று கெஞ்சும்போதெல்லாம், "அந்த வெயில்ல வேக நான் என்ன இட்லியா?" என்று முடித்துவிடுவார். காக்ஸ் டவுனில் ஃபேன் போடாமல் தூங்கும் சுகம் அவருக்கு உயிர்.

அதைக் காப்பாற்றக் கச்சை கட்டினார். ஆள் வைத்துச் செடியை வெட்டினார். மகரந்தம் பறந்து முகமும் வீங்கியது. ஒரு மழையில் செடி முன்னைவிடச் செழித்தது. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை போட்டார்; அரிப்பு அப்படியே இருக்க, கவுண்டரில் குறட்டை விட்டு மேனேஜரிடம் மெமோ வாங்கினார். கடைசியில் காலை, மதியம், மாலை என்று பனியனை மாற்றினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ஒவ்வொரு பனியனுக்கும் அரிப்பு ஏறியது.

"சொரியாதீங்கோன்னா, ரத்தம் வரது!"

"என்னைக் கொல்றதுடி இந்த ஊர்!" என்று கத்திவிட்டு, மெட்ராஸ் மாற்றலுக்கு அவரே எழுதிக் கொடுத்தார்.

உத்தரவு வந்த அன்று நாராயணசாமிக்கு அழுகையே வந்துவிட்டது.

"போனாப் போறது, விடுங்கோன்னா. உங்க உடம்பைவிடப் பெங்களூர் பெரிசா?" என்று அலர்மேல்மங்கை பெருமூச்சு விட்டுக் காபி கொடுத்தாள்.

அப்போது கொல்லைப்பக்கம் துணி துவைக்கும் முனிகிருஷ்ணன், ஐயா கூடத்தில் இருப்பது தெரியாமல் குரல் கொடுத்தான்.

"மேடம், அதான் மாற்றல் வந்துடுச்சாமே! இனிமேலாவது சார் பனியனைக் கொடியில காயப்போடட்டா? தினம் அந்தக் காங்கிரஸ் செடி மேல விரிச்சு விரிச்சு, இப்ப எனக்கே கையெல்லாம் அரிக்குது!"