தென்னை இயக்ககமும் சுகதனின் இதயமும்

திருவனந்தபுரத்துத் தென்னை மர எண்ணிடல் இயக்ககத்தில், ஓணம் விடுமுறை முடிந்த மறுவாரம், ஊழியர்களின் இதயம் குறித்து ஒரு சுற்றறிக்கை வெளியானது. இதயம் ஊழியரின் சொந்தப் பொருளே என்றாலும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அது அரசுப் பணியில் இருப்பதால், அதன் பராமரிப்பு இயக்ககத்தையே சாரும் என்று அதில் தீர விளக்கப்பட்டிருந்தது. மரத்துக்கு எண் அடிக்கிற ஆபீசுக்கு மனுஷ நெஞ்சு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு சுற்றறிக்கை வரும்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் இயக்குநர் ஜேக்கப் தரகனின் மணிக்கட்டு. துபாயில் ஏதோ கருத்தரங்குக்குப் போனவர், நாடித்துடிப்பை எண்ணும் கறுப்புக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு திரும்பியிருந்தார். கூடவே 'உயர்தீவிர இடைவெளிப் பயிற்சி' என்ற சொல்லையும் கொண்டுவந்தார். முப்பது விநாடி தலைதெறிக்க ஓட வேண்டும், முப்பது விநாடி நிற்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். இப்படி எட்டு முறை, தினமும் பத்தரை மணிக்கு, ஆபீஸ் முற்றத்தில்.

சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் பிரசன்னன் கொடியோடு மேலே போனார்.

"இதுல வர்ற இடைவெளியைத் தொழிலாளி வர்க்கம் முழு மனசோட வரவேற்குது சார். தீவிரத்தைப் பத்தித்தான் பேச வேண்டியிருக்கு."

நாலு சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்பாடு கையெழுத்தானது. குமாஸ்தாக்கள் முப்பது விநாடி ஓடுவார்கள், முப்பது நிமிஷம் ஓய்வெடுப்பார்கள். எட்டு முறை முடிய நாலு மணி நேரம் ஆகும். ஓய்வு நேரத்தில் சாயாவும் பரிப்புவடையும் தடை இல்லை.

இந்த உடன்பாட்டுக்குள் வராத ஒரே பிறவி, கண்காணிப்பாளர் சுகதன். கண்காணிப்பாளர் அதிகாரி வர்க்கம், அவருக்குச் சங்கம் பேசாது. வயது ஐம்பத்தைந்து, தொப்பை நடுத்தரம், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வேளை மாத்திரை, மே மாதக் கடைசியில் ஓய்வு. முதல் நாள், குமாஸ்தாக்கள் வடை தின்றபடி பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மட்டும் முற்றத்தில் எட்டு முறை ஓடினார். ஐந்தாவது முறையிலேயே பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது.

"சேட்டா, இன்னும் ஒன்பது மாசம். அது வரைக்கும் உசிரோட போய் உசிரோட வாங்க. அப்புறம் காசர்கோடு வரைக்கும்கூட ஓடுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றாள் மனைவி வனஜாட்சி. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

சுகதனுக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாளே மனு எழுதினார்: 'மேற்படி பயிற்சி என் உடம்புக்கு நல்லதா என்று தெரிவித்து, இல்லையெனில் எனக்கு விலக்களிக்க வேண்டுகிறேன்.' மனு முடிவாகும் வரை அவர் ஓட வேண்டாம் என்று விதி இருந்தது. மனு தள்ளுபடியானால், ஓடாத நாட்களையும் சேர்த்து ஒரேயடியாக ஓடித் தீர்க்க வேண்டும் என்றும் விதி இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் லீலாமணி அவர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றைந்து.

"இந்தப் பயிற்சி நல்லதா கெட்டதா டாக்டர்?"

"நல்ல பயிற்சிதான். கொஞ்ச நேரத்துல நெஞ்சுக்கு நல்ல பலம் கொடுக்கும். ஆனா ஆளைப் பொறுத்தது. இந்தப் பிரஷரை வெச்சுக்கிட்டு எடுத்த எடுப்புல தலைதெறிக்க ஓடினா, நீங்க ஓடுவீங்க, உங்களைத் தூக்கிட்டு நாலு பேர் திரும்பி வருவாங்க. மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. முதல்ல நடங்க. அப்புறம் மெதுவாப் படி ஏறுங்க. பழகப் பழக வேகத்தைக் கூட்டலாம்."

அதை அப்படியே எழுதியும் கொடுத்தார். ஒரு பக்கம்கூட வரவில்லை. புத்தியுள்ள எந்தப் பதிலுக்கும் நேரும் கதி அதற்கும் நேர்ந்தது.

"சுகதன் சேட்டா, படிவத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு" என்றார் முதல் மாடிப் பிரிவு அலுவலர் குருவிளா. "நல்லதுன்னா 'ஆம்', கெட்டதுன்னா 'இல்லை'. 'ஆளைப் பொறுத்தது'ன்னு ஒரு கட்டம் கிடையாது."

"நிஜம் அதுதானே சார்?"

"நிஜத்துக்குன்னு தனிக் கட்டம் போட்டா, படிவம் ரெண்டாம் பக்கத்துக்குப் போயிடும். மேலே அனுப்பறேன், அவங்க பாக்கட்டும். உள்தபால்ல போனா மாடிக்குப் பதினோரு நாள். கையிலேயே கொண்டு போனா சீக்கிரம் ஆகும்."

சுகதன் ஃபைலைக் கையிலேயே கொண்டு போனார். கட்டடத்துக்கு ஐந்து மாடி, மாடிக்கு ஒரு கையெழுத்து. லிஃப்ட் ஆறு வருஷமாக ஓடவில்லை. அதைப் பழுதுபார்க்க அனுமதி தரும் ஃபைல் ஐந்தாம் மாடியில் இருந்தது, மெக்கானிக்கோ அவ்வளவு படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஆரம்பத்தில் ஒரு மாடி ஏறவே அவருக்கு மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஏறிப் போனால் நாற்காலியில் ஆள் இல்லை, ஆளுக்குப் பதில் குடை தொங்கியது. குடை இருந்தால் ஆள் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார் என்று அர்த்தம், எந்த மாடியில் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுகதன் காத்திருந்தார். "சார் இப்பத்தான் கீழே இறங்கினார்" என்று யாராவது சொன்னால் கீழே ஓடினார். கீழே போனால், "இப்பத்தானே மேலே போனார்" என்றார்கள். மேலே ஓடினார். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மறுபடி ஓடினார்.

செப்டம்பரில் நடந்தார், நவம்பரில் விரைந்தார், ஜனவரியில் இரண்டிரண்டு படியாகத் தாவினார். நாய்க்கு வேலையுமில்லை நிற்க நேரமுமில்லை என்பதுபோல் ஒன்பது மணிக்கே வந்து படிக்கட்டில் நின்றார். வேட்டி இடுப்பில் நிற்க மறுத்ததால் ஒரு பெல்ட் வாங்கினார்.

சித்திரையில் விஷு கழிந்த வாரம் ஃபைல் ஐந்தாம் மாடியைத் தொட்டது. இயக்குநர் தரகன் தம் முன்னாலேயே மனுதாரரைப் பரிசோதிக்க டாக்டர் லீலாமணியை வரவழைத்தார். டாக்டர் ஒரு முறை பார்த்தார். பட்டையை உதறிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நூற்றிருபத்தஞ்சுக்கு எண்பது! என்ன செஞ்சீங்க சுகதன்?"

"ஒண்ணும் செய்யலை டாக்டர். ஃபைல் பின்னாலதான் போனேன்."

தரகனின் முகத்தில் ஞானம் பிறந்தது. "ஓட்டம், காத்திருப்பு, ஓட்டம், காத்திருப்பு! இது அதே பயிற்சி இல்லையா? நாம இத்தனை வருஷமா மக்களுக்கு இலவசமாக் கொடுத்துக்கிட்டு வர்றோம், நமக்கே தெரியலை!"

"சார், இவர் மெதுவா ஆரம்பிச்சார், மாத்திரையும் விடாம சாப்பிட்டார், அதனாலதான்... ஆளைப் பொறுத்தது" என்றார் டாக்டர்.

இயக்குநர் அதற்குள் 'ஆம்' கட்டத்தில் குறி போட்டிருந்தார்.

சுகதனின் மனு, அவர் ஆரோக்கியமாக இருப்பதால், தள்ளுபடியானது. ஓடாத நாட்களுக்கு அவர் ஏறிய படிகள் ஈடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. முற்றத்து ஓட்டம் ரத்தாயிற்று. அதற்குப் பதில் பொதுமக்கள் உடல்நலத் திட்டம் பிறந்தது. அதன்படி உள்தபால் நிறுத்தப்பட்டது, லிஃப்ட் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது, அடுத்தடுத்த இரண்டு கையெழுத்துகள் அடுத்தடுத்த மாடிகளில் இருக்கக் கூடாது என்று இருக்கைகள் மாற்றப்பட்டன. மக்கள் ஓடுவார்கள், ஊழியர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் சங்கம் இதை வரலாற்று வெற்றி என்று சுவரொட்டி ஒட்டியது.

மே முப்பத்தொன்றாம் தேதி சுகதன் உயிரோடு ஓய்வு பெற்றார். வனஜாட்சி பால்பாயசம் வைத்தாள். ஜூன் இரண்டாம் தேதி, பென்ஷன் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அதே படிக்கட்டில் ஏறினார், இந்த முறை பொதுமக்களில் ஒருவராக.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஓர் அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். பார்த்தால் டாக்டர் லீலாமணி.

"என் வீட்டுத் தென்னை ஒண்ணைப் பக்கத்து வீட்டுக் கணக்குல எண் போட்டுட்டாங்க சுகதன். அதைத் திருத்தத்தான் மூணு வாரமா ஏறி இறங்கறேன். முட்டி தேஞ்ச ஆளு நான், இந்தப் படி எனக்கு ஆகவே ஆகாது. 'ஆளைப் பொறுத்தது'ன்னு தெளிவா எழுதிக் கொடுத்தேனே, அதை என்னய்யா செஞ்சீங்க?"

சுகதனுக்கு மனசு உருகிவிட்டது. அவர் உயிரைக் காப்பாற்றிய கை அது. ஒரு படி கீழே இறங்கி, குரலைத் தாழ்த்தி, தமக்குத் தெரிந்த ஒரே உதவியை அவர் செய்தார்.

"விலக்குக் கேட்டு ஒரு மனு கொடுங்க டாக்டர். அஞ்சாவது மாடி. கையிலேயே கொண்டு போனா சீக்கிரம் ஆகும்."