கீழ்ப்படிவுக் கிண்ணம்

படிவத்தின் ஒன்பதாவது கேள்வியில் கேதீஸ்வரனின் பேனை நின்றுவிட்டது.

'பெற்றோரில் எவரேனும் இம்முகாமில் பங்குபற்றியிருப்பின், அவரது பெயரும் ஆண்டும்.'

ஆண்டில் பிரச்சினை இல்லை. இரண்டாயிரத்து இரண்டு. அந்த ஓகஸ்ட் விடுமுறையின் ஏழு நாட்களைப்போல் இன்னொரு ஏழு நாட்கள் அவன் வாழ்க்கையில் பிறகு வரவேயில்லை. பண்டத்தரிப்பிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கும் இந்தத் தேவாலய வளவில்தான் அவன் நீந்தப் பழகினான். நாடகத்தில் மூன்றாவது ஆட்டிடையனாக நடித்தான். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக ஒரு பரிசுக் கிண்ணம் வாங்கினான். இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லியேதான் மகள் ஆரபிக்குச் சோறு தீத்தி வளர்த்தான். விளைவு, எட்டு வயதுப் பிள்ளை இரண்டு கிழமையாகத் தன் பையை அடுக்குவதும் குலைப்பதுமாக இருந்தாள். இப்போது அந்தப் பையைக் கட்டிப்பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

பிரச்சினை பெயரில் இருந்தது.

கேதீஸ்வரனின் உத்தியோகமே பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் திருத்த வருகிறவர்கள் கந்தோரில் அவனுடைய மேசைக்குத்தான் வரவேண்டும். ஓர் எழுத்துப் பிசகியிருந்தாலும், "சத்தியக் கடதாசியோடை வாங்கோ" என்று ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்புவான். அப்படிப்பட்ட மனிதன் தன் சொந்தப் பெயரை எழுதுவதற்கு வியர்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுங்கோ தம்பி," என்றார் முகாம் பொறுப்பாளர் ஜெரிசன். "ரெண்டு இடம்தான் கிடக்கு. சைவப் பிள்ளையளும் தாராளமா வரலாம், ஆனா அந்த இடமெல்லாம் போன கிழமையே முடிஞ்சுது. உந்த ரெண்டும் முந்தி இஞ்சை வந்தவையின்ரை பிள்ளையளுக்கு."

கேதீஸ்வரன் துணிந்து உண்மையையே எழுதினான். ஜெரிசன் பழைய பதிவுக் கொப்பியைத் திறந்து விரலை ஓட்டினார். இந்தப் பொறுப்புக்கு அவர் வந்து எட்டு வருடம்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு அவருக்கு அந்தக் கொப்பிதான் வேதம்.

"முப்பத்திரண்டு பேர் வந்திருக்கினம். கேதீஸ்வரன் எண்டு ஒருத்தரும் இல்லையே."

"வந்தனான் அண்ணை. வேணுமெண்டால் சுவரிலை அந்தப் படத்தைப் பாருங்கோ. கிண்ணத்தோடை நிக்கிறது நான்தான்."

சொன்ன பிறகுதான் படத்தின் கீழே எழுதியிருந்த பெயர் அவன் கண்ணில் பட்டது.

ஜெரிசன் படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மடங்கிய இடது காது இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

"எமில்ராஜ்! எங்கடை முதலாவது கீழ்ப்படிவுக் கிண்ணம்! பகிடிக்கு வேறை பேர் எழுதுறீரோ?"

உண்மை இதுதான். எமில்ராஜ் கேதீஸ்வரனோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதன். அவனுக்குத்தான் முகாமில் இடம் கிடைத்தது. கிடைத்த மறுநாளே உடம்பெல்லாம் கொப்பளிப்பான் அம்மை போட்டுப் பாயில் படுத்துவிட்டான். கிடைத்த இடத்தை வீணாக்கக் கூடாதென்று அவனுடைய தாய் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரனை அதே பெயரில் அனுப்பிவைத்தார். வெள்ளிக்கிழமை மீன் தொடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கேதீஸ்வரனின் அம்மாவும் சம்மதித்தார். போவதற்கு முன் மூன்று நாள் கடும் பயிற்சி. அவன் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டும்போது, எமில்ராஜ் யன்னலுக்குள் இருந்து "எமில்ராஜ்!" என்று கத்துவான். திரும்பாவிட்டால் இன்னும் பலமாகக் கத்துவான். மூன்றாம் நாள், நித்திரையில் கூப்பிட்டால்கூடக் கேதீஸ்வரன் எழும்பி உட்காருகிற அளவுக்கு வந்துவிட்டான்.

முகாமில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் குழம்பு வந்தபோது மட்டும், "வயித்துக்குத்து" என்று போய் வேப்பமரத்தடியில் குந்தினான். பார்த்தால் அங்கே ஏற்கனவே இருபது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் சரியில்லைப் போலும் என்று நினைத்துக்கொண்டான். பாவம், முகாமை நடத்திய பாதர் அந்தக் கிழமை முழுவதும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை கட்டித் திரிந்தார்.

கடைசி நாள் அவர் அந்தக் கட்டைக் குரலில் கூப்பிட்டுக் கையில் கொடுத்ததுதான் கீழ்ப்படிவுக் கிண்ணம். கள்ளப் பெயரில் வாங்கிய அந்தக் கிண்ணம் இருபத்துமூன்று வருடமாகக் கேதீஸ்வரனின் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. வீட்டில் ஒருநாளும் அதை வெளியில் வைத்ததில்லை. இன்றைக்குச் சாட்சிக்கு உதவும் என்று ஒரு பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

'ஒரு சொல்தானே, பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும்' என்று நினைத்தவன், "ஓம் அண்ணை, எமில்ராஜ்தான்," என்றான்.

ஆரபி தகப்பனை அண்ணாந்து பார்த்தாள். கேதீஸ்வரன் சுவரைப் பார்த்தான்.

ஜெரிசன் சந்தோஷமாகப் படிவத்தைத் திருத்திவிட்டு, ஆரபியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்தார்.

"இதிலை தகப்பன் கேதீஸ்வரன் எண்டெல்லோ கிடக்கு?"

"அது... பிழையாப் பதிஞ்சு போட்டினம் அண்ணை."

"தகப்பன்ரை பேரை முழுசாவோ?"

"ஓம்."

"அதை உப்பிடி விடக்கூடாது தம்பி. கந்தோரிலை பேர் திருத்துற மேசையிலை ஒரு ஆள் இருக்கிறாராம், சரியான கண்டிப்பான மனுசனாம். திங்கட்கிழமை நானே உம்மோடை வாறன். ரெண்டு பேருமாப் போய் அந்தாளைப் பாப்பம்."

திங்கட்கிழமை மேசையின் எந்தப் பக்கத்தில் இருப்பது என்று கேதீஸ்வரன் யோசிப்பதற்குள் ஜெரிசன் அவன் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் இழுத்துப்போனார்.

மண்டபத்தில் அறுபது பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். அவனுடைய காலத்துக் கிடுகுக் கூரை போய்த் தகரம் வந்திருந்தது. மேடை மட்டும் அதே மேடை.

"பிள்ளையள், உவர்தான் எமில்ராஜ் அண்ணை. முதலாவது கீழ்ப்படிவுக் கிண்ணம் வாங்கினவர். ஆரம்பச் செபத்தை உவரே சொல்லுவார்."

கேதீஸ்வரன் சிலுவை அடையாளத்தை ஒழுங்காகப் போட்டான். எமில்ராஜ் கற்றுக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் சங்கடம். பயத்தில் கண்ணை இறுக மூடி, கடவுளே காப்பாற்று என்று மனமுருகினான். மனம் உருகினால் கை தன்பாட்டில் போகிற இடத்துக்குப் போகும் அல்லவா? இரண்டு கைகளும் கூப்பியபடி தலைக்கு மேலே போய் நின்றன, கோயிலில் தீபம் காட்டும்போது போவதைப்போல. கண்ணைத் திறந்தபோது மண்டபத்தில் நூற்றிருபது கைகள் தலைக்கு மேலே இருந்தன.

"வெளியிலை இப்ப இப்பிடியும் செபிக்கினமோ?" என்று ஜெரிசன் மெதுவாகக் கேட்டார்.

"சில இடங்களிலை," என்றான் கேதீஸ்வரன்.

"நல்லாத்தான் இருக்கு. சரி, அந்தப் பத்திரம் திருந்தி வரும்வரைக்கும் உம்மடை அடையாள அட்டை போதும். ஒருக்காத் தாரும்."

அடையாள அட்டை சட்டைப் பையிலேயே இருந்தது. அதில் 'ஆழ்வாப்பிள்ளை கேதீஸ்வரன்' என்று அரசாங்கமே எழுதியிருந்தது.

"மோட்டச்சைக்கிளுக்குள்ளை வைச்சிட்டன், எடுத்துக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினான். அங்கே நின்று எமில்ராஜுக்குத் தொலைபேசி எடுத்தான். அவன் கலியாணம் முடித்து வல்வெட்டித்துறைப் பக்கம் போய்ப் பத்து வருடம்.

"மச்சான், உன்ரை அடையாள அட்டையை ஒரு படமெடுத்து அனுப்படா. கெதியா!"

"ஏன் படம்? ஆளே வந்து நிக்கிறன். திரும்பிப் பார்."

கேதீஸ்வரன் திரும்பிப் பார்த்தான். படலைக்குள்ளால் எமில்ராஜ் தன் மகன் லக்சனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். மற்றக் கையில் படிவம்.

"மகனைச் சேர்க்க வந்தனான். முந்தி வந்தவையின்ரை பிள்ளையளுக்கு இடம் இருக்காமே?"

"நீ எங்கையடா வந்தனி? படுத்துக் கிடந்தனி!"

"கொப்பியிலை என்ரை பேர்தானே கிடக்கு!"

கேதீஸ்வரன் அவனை மறிப்பதற்குள் எமில்ராஜ் மேசையடிக்குப் போய்விட்டான்.

"வணக்கம் அண்ணை. நான் எமில்ராஜ். ரெண்டாயிரத்து ரெண்டு."

மேசைக்குத் திரும்பியிருந்த ஜெரிசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்த கேதீஸ்வரனைக் காட்டி, "அப்ப உவர்?" என்று கேட்டார்.

கேதீஸ்வரன் கண்ணைக் காட்டினான், தலையை ஆட்டினான், கையை விரித்தான். சிநேகிதன் ஏதோ இக்கட்டில் இருக்கிறான் என்பது மட்டும் எமில்ராஜுக்கு விளங்கியது. உதவி செய்வதில் அவன் சின்ன வயதிலிருந்தே தாராளமானவன்.

"ஐயோ, மாறிச் சொல்லிப்போட்டன் அண்ணை. அவன்தான் எமில்ராஜ். நான் கேதீஸ்வரன்."

ஜெரிசன் இரண்டு பிள்ளைகளின் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீர் எமில்ராஜ். உம்மோடை வந்த பிள்ளைக்குத் தகப்பன் கேதீஸ்வரன். நீர் கேதீஸ்வரன். உம்மோடை வந்த பிள்ளைக்குத் தகப்பன் எமில்ராஜ்."

"ஓம் அண்ணை," என்றார்கள் இருவரும்.

"அப்ப ரெண்டு பேரும் பிள்ளையளை மாத்திக் கூட்டிக்கொண்டு வந்திட்டியளோ?"

லக்சன் அழத் தொடங்கினான். "அப்பா, நான் அந்த மாமா வீட்டையோ போகவேணும்?"

"அழாதை ராசா," என்ற ஜெரிசன் ஆரபியின் பக்கம் குனிந்தார். "பிள்ளை, நீர் சொல்லும். உம்மடை அப்பான்ரை பேர் என்ன?"

ஆரபி பையை இன்னும் இறுக்கிக்கொண்டு தகப்பனிடம் திரும்பினாள்.

"அப்பா, என்ன பேர் சொல்ல?"

அந்த ஒரு கேள்வியில் கேதீஸ்வரன் உடைந்துபோனான். தன் பெயரைச் சொல்லப் பிள்ளை தன்னிடமே உத்தரவு கேட்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டானே! மேசையடியில் வைத்திருந்த தன் பையை அவிழ்த்துக் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"கேதீஸ்வரன் எண்டு சொல்லு பிள்ளை. அண்ணை, மன்னியுங்கோ. பேர் இவன்ரை. வந்தது நான். இவனுக்குக் கொப்பளிப்பான் எண்டு இவன்ரை பேரிலை வந்து, எல்லாரையும் ஏமாத்தி, கீழ்ப்படிவுக்கு எண்டு கிண்ணமும் வாங்கிக்கொண்டு போனனான். அந்தப் பேர் திருத்துற ஆளும் நான்தான்."

ஜெரிசன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அவர் முகத்தில் அதிகம் இருந்தது.

"இப்ப நான் எப்பிடிப் பதியிறது? இவரின்ரை பேர் வந்திருக்கு, ஆள் வரேல்லை. நீர் வந்திருக்கிறீர், பேர் வரேல்லை. முழுசா வந்தவர் ஒருத்தரும் இல்லையே!"

ஆரபி அழவில்லை. கட்டிப்பிடித்திருந்த பையை இறக்கி நிலத்தில் வைத்தாள். அதைப் பார்ப்பதைவிட அவள் அழுதிருக்கலாம் என்று கேதீஸ்வரனுக்குத் தோன்றியது.

அப்போது குசினிக்குள் இருந்து அகப்பையோடு செபஸ்தியம்மாக்கா வந்தார். முகாமில் அன்றும் இன்றும் மாறாதது அவருடைய சமையல் ஒன்றுதான்.

"ஜெரிசன், இண்டைக்கு வெள்ளி. வயித்துக்குத்துக்காரர் எத்தினை பேர் எண்டு சொல்லும், பயத்தங்கஞ்சி வைக்கவேணும்." சொல்லிக்கொண்டே வந்தவர் கேதீஸ்வரனின் காதைக் கண்டதும் நின்றார். "அட, வேப்பமரத்தடிப் பெடியன்! இது உன்ரை பிள்ளையோ? எடு பிள்ளை பையை, உள்ளை வா."

"பொறுங்கோ அக்கா," என்றார் ஜெரிசன் பதறிப்போய். "விசயம் தெரியாமல் கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. உவர் கள்ளப் பேரிலை வந்தவராம். இந்தக் கிண்ணமும் ஏமாத்தி வாங்கினதாம்."

செபஸ்தியம்மாக்கா ஆரபியின் கையை விடாமலே திரும்பினார்.

"என்னத்தை ஏமாத்தினது? அந்த வருசம் எங்கடை பிள்ளையள் எல்லாத்துக்கும் கொப்பளிப்பான், வந்த முப்பத்திரண்டும் பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளையள்தான், பாதருக்கும் தெரியும். கூப்பிட்ட பேருக்குத் திரும்பிப் பாத்தது உவன் ஒருத்தன்தான், அதுக்குத்தான் அந்தக் கிண்ணம்!"