ஆமை வீட்டுக் கல்யாணமும் மூன்று மாத மாத்திரையும்

ஒரு காட்டில் சிங்கராஜா கிடையாது. அவர் எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்தில் விதிமுறை ஆண்டுகொண்டிருந்தது. அதற்குக் கர்ஜிக்கத் தெரியாதே தவிர, மற்றபடி பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அந்தக் காட்டின் கிழக்கு ஓரத்தில் எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்று இருந்தது. நல்ல மையம்தான், பொய் சொல்லக் கூடாது. மாத்திரை இலவசம். ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தார்கள். மருத்துவர் கரடி சடையாண்டி கைராசிக்காரர். ஆலோசகர் கிளி பச்சைநாயகி, "மாத்திரையை மறக்காதீங்க, நேரம் தவறாதீங்க" என்பதை அலுக்காமல் சொல்லக் கூடியவள். குறை என்று பார்த்தால் ஒன்றுதான். யானையோ எலியோ, யாராக இருந்தாலும் மாதா மாதம் நேரில் வர வேண்டும். ஒரு மாத மாத்திரைதான் கிடைக்கும். பகலில் கண் கூசும் ஆந்தை, தூணில் முட்டிக்கொண்டே வந்து வாங்கிப் போனது. கெண்டை மீனைப் பானையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். யாராவது முணுமுணுத்தால், "இங்க எல்லாரும் சமம்" என்பார் சடையாண்டி.

ஆமை பேச்சியம்மாவின் வீடு மேற்கே, மலைக்கு அந்தப் பக்கத்துத் தாமரைக் குளத்தில். மையத்திலிருந்து வீட்டுக்கு நடக்க அவளுக்கு ஒரு மாதம் பிடிக்கும். பாதி வழி போவாள்; பாதி மாத்திரை தீர்ந்திருக்கும்; அங்கேயே திரும்பி நடந்தால்தான் அடுத்த டப்பா. இப்படியே போய் வந்து, வீட்டைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. டப்பாவை ஓட்டுக்குள் ஒளித்து வைத்திருந்ததால் நடக்க நடக்கக் கலகலவென்று சத்தம் வேறு. எதிரே வருகிறவர்கள் "என்னக்கா சத்தம்?" என்று கேட்டால், "பேரனுக்குக் கிலுகிலுப்பை" என்பாள். பேரன் எங்கே இருக்கிறான்? மகள் செண்பகத்துக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்ததற்காக மையத்தில் அவளுக்கு 'முன்மாதிரி நோயாளி' என்று சால்வை போர்த்தினார்கள். ஓட்டில் நிற்காமல் அது வழுக்கி விழுந்தது.

அந்தச் சமயத்தில்தான் குளத்தங்கரைக் காகம் அந்தோணி மாத்திரை வாங்க வந்தான். "அக்கா, செண்பகத்துக்கு மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு! தை மாசம் கல்யாணம்" என்று சொல்லி, பத்திரிகைக் கட்டை அவள் முன்னால் போட்டான்.

பேச்சியம்மா நேரே சடையாண்டியிடம் போனாள்.

"டாக்டரய்யா, மூணு மாச மாத்திரை சேத்துக் குடுத்தீங்கன்னா, மகள் கல்யாணத்தைப் பாத்துட்டு வந்துருவேன்."

சடையாண்டி அவளுடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "கிருமி இருக்குற இடமே தெரியல. ரொம்ப நல்லா இருக்கீங்க."

"அப்போ குடுங்கய்யா."

"நல்லா இருக்குறவங்களைத்தாம்மா மாசாமாசம் வரச் சொல்லணும். அப்பத்தானே எங்களுக்கும் ஒரு தெம்பு வரும்?"

"நான் வாங்கிட்டுப் போறேன் டாக்டர்" என்றான் அந்தோணி. "குளத்துப் பக்கம் இந்த மாத்திரை சாப்பிடுறவங்க அஞ்சாறு பேர் இருக்கோம். மாசத்துக்கு ஒருத்தர் வந்து எல்லாருக்கும் வாங்கிக்கிறோமே?"

"விதியில இல்லப்பா."

"மாத்திரையை மறக்காதீங்க" என்றாள் பச்சைநாயகி.

பேச்சியம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்; விட மாட்டாள். அதற்காகப் பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக்கூடப் பார்க்க முடியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பத்திரிகையை நீட்டினாள்.

"சரிங்கய்யா. நான் இல்லாட்டியும் பரவால்ல, என்னைப் பொழைக்க வச்ச நீங்க எல்லாரும் வந்து ஆசீர்வாதம் பண்ணணும். சாப்பாடு பிரமாதமா இருக்குமாம். பலாப்பழப் பாயசம், தேனடை, கோவைப்பழப் பச்சடி..."

சூதுவாது இல்லாமல்தான் சொன்னாள் என்று காட்டில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் ஆமைகளோடு பழகியவர்கள்.

பாயச வாசனை அப்போதே வந்துவிட்டதுபோல் சடையாண்டி மூக்கை உறிஞ்சினார். பச்சைநாயகி முதல்முறையாகச் சொல்ல வந்ததை மறந்தாள். எல்லாரும் கல்யாணத்துக்குப் போனால் மையத்தை மூட வேண்டும். மூடினால் நோயாளிகள் கதி? விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். நோயாளிகள் கேட்டபோதெல்லாம் கண்ணில் படாத விதி அன்றைக்குச் சட்டென்று அகப்பட்டது: மருத்துவருக்கு அவசர வேலை இருந்தால், அனைவருக்கும் மூன்று மாத மாத்திரை சேர்த்து வழங்கலாம்.

மறுநாளே வழங்கிவிட்டுக் கிளம்பினார்கள்.

பெண்ணைப் பெற்றவளை வழியில் விட்டுவிட்டு முன்னால் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? சடையாண்டி, மரியாதைக்காக, பேச்சியம்மாவின் வேகத்திலேயே நடந்தார். பாதி வழியில் ஓர் ஆலமரம் வந்தது. அதன் அடியில் பேச்சியம்மா நின்றுவிட்டாள்.

"ஏம்மா, கால் வலிக்குதா?"

"இல்லய்யா. இங்கதான் நான் மாசாமாசம் திரும்புவேன். இதுக்கு மேல வீட்டுக்கு எப்படிப் போகணும்னு மறந்துபோச்சு."

சடையாண்டி தன் கொப்புளம் போட்ட பாதங்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. மீதி வழி முழுக்க அந்தோணி மேலே பறந்து வழி காட்டினான்.

முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். செண்பகம் அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவள் ஓடி வந்து சேர்வதற்குள் நாதஸ்வரக்காரர் ஒரு ராகம் முழுதாக வாசித்து முடித்துவிட்டார். அவரும் அழுதார். மாப்பிள்ளை பொறுமைசாலி, அவரும் ஆமைதானே.

பாயசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்த சடையாண்டி, மனம் இளகி எழுந்து நின்றார். "உடம்பு நல்லா இருக்குறவங்களுக்கு இனிமே மூணு மாச மாத்திரை!" என்று அறிவித்தார். பந்தியே கைதட்டியது. தட்டி முடித்ததும், "வீட்ல விசேஷம் இருக்கணும். பத்திரிகை இணைக்கணும்" என்றார்.

அதற்கப்புறம் அந்தக் காட்டில் மேளச் சத்தம் ஓயவில்லை. சின்னஞ்சிறு ஆந்தைக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. கெண்டை மீனுக்குக் காது எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்கள். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த அந்தோணிகூட மாலை மாற்றிக்கொண்டான். எல்லாரும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டார்கள், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை.

சடையாண்டிக்கு மட்டும், அத்தனை பாயசம் குடித்ததில், சர்க்கரை வந்தது. சர்க்கரை மையம் காட்டின் வடகோடியில் இருக்கிறது. மாதா மாதம் நேரில் வர வேண்டும், வீட்டில் விசேஷம் இருந்தால்தான் சேர்த்துத் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் பிரம்மச்சாரி.

நீதி: எந்த நோயையும் மாத்திரையால் அடக்கி வைக்கலாம். அந்த மாத்திரையைச் சேர்த்து வாங்கத்தான் கல்யாண வயதில் ஒரு பிள்ளை வேண்டும்.