சகலையைக் காணவில்லை

அக்டோபர் இருபத்தாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மேகமூட்டம், காற்று இல்லை. மலையடிவார வாயிலில், பதிவேட்டின் நான்காம் கட்டத்துக்கு முன்னால் பிழைதிருத்துநரின் பேனா நின்றுவிட்டது. அந்தக் கட்டத்தின் தலைப்பு: ‘உடன் வருபவர்.’

உடன் வருபவர் யாரும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் கூட ஏறிய, அச்சகத்தில் புத்தகம் கட்டிவந்த பைண்டர், போன மாதம் மகள் இருக்கும் ஊருக்கே குடிபோய்விட்டார். தனியாளை மலைக்குள் விடக்கூடாது என்ற விதி இந்த மாதம்தான் அமலுக்கு வந்திருந்தது.

அந்த விதியை அவர் நன்கு அறிவார். அரசு அச்சகத்தில் அதன் மெய்ப்பைத் திருத்தியவரே அவர்தான். ‘இயன்றவரை இருவராகச் செல்வது நலம்’ என்று தொளதொளவென வந்த வாக்கியத்தைத் துறையின் ஒப்புதல் பெற்று, ‘இருவருக்குக் குறையாமல் செல்லுதல் வேண்டும்’ என இறுக்கிக் கொடுத்திருந்தார். ஓர் எறும்பு நுழையக்கூட இடுக்கு இல்லை என்று அன்றைக்குப் பெருமைப்பட்டும் இருந்தார்.

திரும்பிப் போய்விடலாம். ஆனால் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமை மாலை பூட்டிய கதவைத் திங்கட்கிழமை காலை திறப்பதுதான். நடுவில் ஒரு சொல் பேச ஆள் கிடையாது. இந்த மலை ஒன்றுதான் வாரத்தை வாரமாக வைத்திருந்தது.

‘நண்பர்’ என்று எழுதக் கை வரவில்லை. இருந்த ஒரே நண்பர் மீது பொய்யை ஏற்ற அவர் விரும்பவில்லை. ‘சகோதரர்’ என்றால் சாயல் கேட்பார்கள். சாயல் தேவைப்படாத உறவு எது என்று முறைப்படி யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘சகலை.’

காவல்காரம்மா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார்.

“சகலைன்னா, உங்க வீட்டம்மாவோட அக்கா வீட்டுக்காரரா, தங்கச்சி வீட்டுக்காரரா?”

“தங்கச்சி.”

ஐம்பத்தேழு வயதுவரை மணமாகாத மனிதருக்கு, ஒரே சொல்லில் மனைவியும் மைத்துனியும் மாமனார் வீடும் வந்து சேர்ந்தன.

“அவர் எங்க சார்?”

“பின்னால வர்றார்.”

நல்ல வேளையாக, ஏழு பேர் கொண்ட குடும்பம் ஒன்று கூச்சலோடு வாயிலை அடைத்துக்கொண்டது. அந்த நெரிசலில் காவல்காரம்மா இரண்டு என்று குறித்துக்கொள்ள, பிழைதிருத்துநர் நழுவினார்.

மூன்றரை மணி நேர ஏற்றம். சருகு கணுக்கால்வரை கிடந்தது. உச்சியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சுற்றிலும் மரங்கள் நின்று மறைத்தன. அவருக்கு அதுவே பிடிக்கும். மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றாக, யாரோ எண்ணிப் போடுவதுபோல் விழுந்துகொண்டிருந்தன. வழக்கமான பாறையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோதுதான், பழக்க தோஷத்தால் இரண்டு முட்டை அவித்து வந்திருப்பது தெரிந்தது. ஒன்றை எதிர்ப் பாறையில் வைத்தார்.

சற்று நேரம் பார்த்தார்.

“சாப்பிடுங்க, சகலை,” என்றார்.

நேற்று மாலைக்குப் பிறகு, வாயிலில் பேசிய மூன்று சொற்களை விட்டால், இதுதான் அவர் வாயிலிருந்து வந்த பேச்சு. குரல் துருப்பிடித்திருந்தது. உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த முட்டையையும் தாமே தின்றார். மெதுவாகச் சாப்பிடுகிற ஆள் போலும் என்று சகலையின் மீது லேசான எரிச்சல் வேறு வந்தது.

மாலை நாலே கால் மணிக்கு இறங்கினார். காலையில் காப்பாற்றிய குடும்பம் மதியமே போய்விட்டிருந்தது. பதிவேட்டில் ஒரே ஒரு வரிதான் மூடப்படாமல் இருந்தது.

“ரெண்டு பேர் ஏறினீங்க சார். ஒருத்தர்தானே இறங்கியிருக்கீங்க?”

“அவர் முன்னாடியே இறங்கிட்டார்.”

“காலையிலேர்ந்து நான் இந்த நாற்காலியை விட்டு அசையல. இருக்கிறதே ஒரு வழி.”

ஐந்து மணிக்கு அந்த அம்மாவின் முறை முடியும் என்று பிழைதிருத்துநருக்குத் தெரியும். அதுவரை இழுத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டார். “அப்போ மெதுவா வர்றார்னு நினைக்கிறேன். அவர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.”

காவல்காரம்மா எழுந்துவிட்டார்.

“கால் முடியாத மனுஷனைக் காட்டுல விட்டுட்டா சார் வந்தீங்க?”

ஊதல் ஒலித்தது. இரண்டு வனக்காவலர்கள் கயிறும் தூக்குப் படுக்கையுமாக வந்தார்கள். அடையாளம் கேட்டார்கள். எதையும் அரைகுறையாகச் சொல்லிப் பழகாதவர் அவர். ஐந்தடி ஆறங்குலம், மாநிறம், சாம்பல் நிறத் தொப்பி என்று முழுமையாகவே சொன்னார். அவர்கள் சகலையின் அங்க அடையாளங்களை ஒப்பித்துக்கொண்டே காட்டுக்குள் ஓடினார்கள்.

அடுத்து, வீட்டுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்றார் காவல்காரம்மா. அக்காளும் தங்கையும் பதறிப்போவார்களாம். வேறு எண் தெரியாததால் தம் வீட்டு எண்ணையே கொடுத்தார். வாயிலை ஒட்டிய அலுவலக அறையில், மேசைத் தொலைபேசியில் மணி போனது. வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்து முக்காலியில், இருட்டில், தம் தொலைபேசி அடித்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் மணி ஒலித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. யாராவது எடுத்துவிடுவார்களோ என்பதுபோல் அவரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார்.

“எடுக்கலையே. கடைகண்ணிக்குப் போயிருப்பாங்களோ?”

“இருக்கலாம்,” என்றார் அவர்.

வனச்சரகர் வந்தார், இளைஞர், தூக்கமில்லாத கண்கள். பக்கத்துச் சரகத்திலிருந்து பத்து ஆட்களை அழைக்கவும் மருத்துவரை வரவழைக்கவும் தொலைபேசியை எடுத்தார். இல்லாத மனிதனுக்காகப் பத்துப் பேர் மலையேறப் போகிறார்கள் என்றதும், பிழைதிருத்துநரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு தாள் கேட்டு வாங்கி நான்கு வரி எழுதினார். தமக்கு மணமாகவில்லை, ஆகவே சகலை இல்லை, ஆகவே எவரும் காணாமற்போகவில்லை, பதிவு பொய். ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிவிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வனச்சரகர் அதை இரண்டு முறை படித்தார். தொலைபேசியை வைத்தார்.

“எதுக்கு சார் இதெல்லாம்?”

“தனியா விடமாட்டீங்களே.”

வனச்சரகர் பெருமூச்சுவிட்டு ஆணைப் படிவத்தை எடுத்தார். பொய்ப்பதிவு செய்தவர் வாழ்நாள் முழுவதும் மலைக்குள் அனுமதிக்கப்படார். அந்த வாக்கியத்தின் வாலில் தொங்கிய ‘எனக் கருதப்படலாம்’ என்பதை நீக்க வைத்ததும் பிழைதிருத்துநர்தான். இனி வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை மனத்தில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

பேனா கையெழுத்துக்கு இறங்கும்போது, வெளியே காவல்காரம்மாவின் குரல் கேட்டது.

“சார், சகலை கிடைச்சிட்டாரு!”

வனக்காவலர்கள் இருவரும் ஒரு மனிதரைத் தோள்கொடுத்து அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். ஐந்தடி ஆறங்குலம் இருக்கலாம். மாநிறம். இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். தொப்பியைத்தான் எங்கோ தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்றார்கள். வெளிவாசல் பெஞ்சில் உட்கார வைத்ததும் அவர் நிமிர்ந்து, சன்னல் வழியே பிழைதிருத்துநரைப் பார்த்தார்.

“என்ன சகலை,” என்றார். “இப்படியா விட்டுட்டு வர்றது?”



வனச்சரகர் ஆணைப் படிவத்தைக் குறுக்கே கிழித்தார். அந்த நான்கு வரி வாக்குமூலத்தை நான்காக மடித்து இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“குடும்பத்துல சண்டைன்னா ரெண்டு நாள் பேசாம இருக்கலாம் சார். ஆளே இல்லைன்னு எழுதியா கொடுப்பாங்க? இது அவர் காதுல விழுந்தா மனசு விட்டுப்போயிடும்.”

“நான் எழுதினது உண்மை.”

“உங்க கோவம் புரியுது,” என்றார் வனச்சரகர்.

பிறகு தம் கைப்படவே புதிய ஆணை எழுதினார்: மேற்படி சகலைகள் இருவரும் இனி ஒருவரை விட்டு ஒருவர் இம்மலையில் ஏறவோ இறங்கவோ கூடாது, தனித்தனியே வந்தால் அனுமதி இல்லை. கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, வெளியே வந்து இருவர் கையிலும் ஆளுக்கொரு படி கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

பிழைதிருத்துநர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அதை வாசித்தார். இரண்டாம் சொல்லிலேயே பிழை இருந்தது. முப்பத்தோராண்டுப் பணியில் முதன்முறையாக, கண்ட பிழையைத் திருத்தாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பெஞ்சிலிருந்த மனிதர் மெல்ல நகர்ந்து பக்கத்தில் வந்து, அவர் காதருகே குனிந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார், ஒத்தை ஆளை விடமாட்டாங்கன்னு ஓடைப் பக்கமா நுழைஞ்சு வழுக்கி விழுந்துட்டேன், இவங்க வந்து சகலையான்னு கேட்டதும் பயத்துல ஆமான்னுட்டேன்... பாவம், உங்க நிஜ சகலை இன்னும் மேலதான் இருக்காரா?”